அலுவலக மெயில்: திங்கள் முதல் புதிய விதிகள்

அனைவருக்கும் வணக்கம். அலுவலக மெயிலுக்கான விதிகள் வரும் திங்கள் முதல் நடைமுறைக்கு வருகின்றன.

முதலில் முகவரி. போன மாதம் ஒரு சம்பளப் பட்டியல் வெளியாள் ஒருவருக்குப் போய்விட்டது. பெயரின் முதல் மூன்று எழுத்தைத் தட்டியதும் வேறொருவரின் முகவரி தானாக வந்து நிரம்பியிருக்கிறது. அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெறும் அவுட்லுக்கின் ரீகால் வசதி வெளி முகவரிகளுக்குப் பலிக்காது. அதனால் ஃபைலை இணைத்து, எழுதி முடித்து, கடைசியில் முகவரியைப் போடுங்கள். பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே மெயில் என்றால், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத பிசிசிதான்.

அலுவலக மெயிலைச் சொந்த முகவரிக்குத் தானாக ஃபார்வர்டு ஆகும்படி வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், கேள்வி கேட்க மாட்டோம்.

"வங்கிக் கணக்கு மாறிவிட்டது, உடனே பணம் அனுப்புங்கள்" என்று மெயில் வந்தால், மேலாளர் பெயரில் இருந்தாலும் போனில் கேட்டு உறுதி செய்யுங்கள். அந்த மெயிலில் உள்ள எண்ணில் அல்ல, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில். இப்படிப்பட்ட மெயிலில் உள்ள லிங்கைத் தவறித் தட்டிவிட்டால் மறைக்காமல் ஐடி பிரிவுக்குச் சொல்லுங்கள். சொன்னவரைத் திட்டக் கூடாது என்பதையும் விதியாகவே எழுதியிருக்கிறோம். பயந்து மறைப்பதால்தான் சேதம் பெரிதாகிறது.

பெரிய ஃபைலுக்கு லிங்க் போதும். இணைத்தால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடி, 18 எம்பி 24 ஆகிவிடும்.

அப்புறம், நேராகவே சொல்லிவிடுகிறேன்: அலுவலக மெயில்கள் சர்வரில் பதிவாகின்றன, விசாரணை வந்தால் நிர்வாகம் பார்க்கும். உடல்நலம், குடும்ப விஷயங்களைச் சொந்த முகவரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் வரும் மெயிலுக்குக் காலையில் பதில் போட்டால் போதும். சந்தேகம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் இங்கேயே கேளுங்கள்.