யுத்தகால மணப்பெண்கள்: எங்கள் ஆயாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் யுத்தகால மணப்பெண்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் இருந்த கனடா சிப்பாய்களைக் கட்டிக்கொண்ட பெண்கள், கைக்குழந்தையும் பெட்டியுமாக 1946ல் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் போய் இறங்கியது, ஐரோப்பாவிலிருந்து போனவர்களையும் சேர்த்தால் சுமார் 48,000 மனைவிமார் என்பது, கப்பல் செலவைக் கனடா அரசாங்கமே ஏற்றது, அமெரிக்கா இதற்கென்றே 1945 டிசம்பரில் ஒரு சட்டம் போட்டது, எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவர்கள் கரை இறங்கியதோடு கட்டுரையும் நின்றுவிட்டது. இருபது, இருபத்திரண்டு வயதில் இறங்கியவள் அதற்கப்புறம் எழுபது வருஷம் அந்த ஊரில் எப்படி இருந்தாள் என்று ஒரு வரி இல்லையே. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தார்கள், அதனால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

எங்கள் ஆயா. (செட்டிநாட்டில் அம்மாவைப் பெற்றவரை ஆயா என்போம்.) 1925ல் பள்ளத்தூரில் பிறந்து, 1941 ஆவணியில் 16 வயதில் கோட்டையூருக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். இசைகுடிமானம் (எங்கள் கல்யாண ஒப்பந்த ஓலை) எழுதித் திருப்பூட்டி, அதாவது தாலி கட்டி, இரண்டே மாசம், ஐப்பசியில் ஐயா (ஆயாவின் வீட்டுக்காரர், என் தாத்தா) மலாயாவில் இருக்கிற பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போய்விட்டார்கள். மூன்று வருஷக் கணக்கு. ஆண்கள் கப்பலேறுவதும் பெண்கள் ஊரில் இருப்பதும் அன்றைக்கு எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அந்த டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பான்காரன் பினாங்கில் குண்டு போட்டான். கடுதாசி நின்றது. பிப்ரவரியில் சிங்கப்பூரும் விழுந்தது. 1945ல் சண்டை ஓய்கிற வரைக்கும் ஐயா இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாது.

அதற்கு நடுவில்தான் ஆயாவை வேறு வைத்தார்கள். கல்யாணமான பிள்ளைகள் ஒரே வீட்டுக்குள் தனித்தனி அடுப்பு வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம், வருஷத்துக்கு இவ்வளவு என்று நெல்லும் பணமும் பெரியவர்கள் கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளை எங்கே என்று தெரியாத நேரத்திலும் வழக்கம் வழக்கம்தான். அவ்வளவு பெரிய வீட்டில் இரண்டாங்கட்டு மூலையில், 17 வயசுப் பெண், ஒருத்திக்கு மட்டும் தினமும் உலை வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் அளவுக்கு அரிசியைக் களைந்துவிட்டு பாதியைத் திரும்ப எடுத்து உலர்த்தி வைப்பேன் என்று ஆயா என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஐயா 1946ல் ஊர் வந்து சேர்ந்தார்கள். டிரங்குப் பெட்டி அடியில் ஒரு கட்டு ஜப்பான் நோட்டு, வாழைமரப் படம் போட்ட பத்து டாலர். ஜப்பான்காரன் தோற்ற அன்றைக்கே செல்லாமல் போன காசு. அதில் ஒன்றை ஆயா எடுத்து வைத்துக்கொண்டார்கள், நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன், மடிப்பு விட்டு, ஓரமெல்லாம் பூச்சி அரித்து இருந்தது. "நாலு வருஷத்துக்கு எனக்குக் கிடைத்த ரசீது இதுதான்" என்பார்கள்.

1948ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிய ஆயா, அப்புறம் 75 வருஷம் பினாங்கில்தான் இருந்தார்கள். முதல் ஒரு வருஷம் அழுகை. முற்றமும் வளவுமாக (முற்றத்தைச் சுற்றிய வீட்டின் உட்பகுதி) புழங்கியவர்களுக்குக் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. பிறகு சந்தையில் நின்று மலாயும் ஹொக்கியன் சீனமும் கற்றுக்கொண்டார்கள், ஆறு பிள்ளை பெற்றார்கள், மலாயா சுதந்திரம் அடைந்த பிறகு அந்த நாட்டுப் பிரஜையாகி நீல அடையாள அட்டையும் வாங்கினார்கள். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் தெருவில் வரும்போது, தேங்காய் உடைக்கக் காத்து நிற்கிற பக்கத்து வீட்டுச் சீன அம்மாளிடம், இது காரைக்குடியில் செய்தது, எனக்கு முன்னாலேயே எங்கள் ஊரிலிருந்து கப்பலேறி வந்தது என்று வருஷா வருஷம் சொல்வார்களாம். ஐயா காலமான பிறகு கோலாலம்பூரில் இருந்த மாமாமார் எவ்வளவோ கூப்பிட்டும் போகவில்லை. 2023ல், 98 வயதில், அங்கேயே காலமானார்கள். அஸ்தியும் அங்கே கடலில்தான்.

கோட்டையூர் வீட்டில் ஐயா படம் இருக்கிறது, ஐயாவின் அப்பச்சி (அப்பா) படம் இருக்கிறது. ஆயா படம் இல்லை. ஒரு காசு விடாமல் பேரேட்டில் எழுதி ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) பார்த்த நகரத்தார் சமூகம் எங்களுடையது. கடல் தாண்டிப் போய்க் குடித்தனம் நடத்திய ஆச்சிமார் (எங்கள் சமூகப் பெண்கள்) எத்தனை பேர் என்று எந்தப் பேரேட்டிலும் நான் பார்த்ததில்லை. கனடாவில் எண்ணி வைத்திருக்கிறார்களே, அதைப் படித்ததும் எனக்குப் பொறாமையாகவே இருந்தது. போன மாசம் இங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு கல்யாணப் படத்தைச் சட்டத்துக்காக விலை பேசிக்கொண்டிருந்தார்கள். கழுத்துரு (எங்கள் கல்யாணத் தாலி நகை) போட்ட அந்தப் பெண் யார் என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை, வாங்க வந்தவருக்கும் தெரியவில்லை.

யுத்த நேரத்தில் கல்யாணம் ஆனவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் நூறு வயதை ஒட்டி இருப்பார்கள். பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர், ரங்கூன், கொழும்பு என்று போய்க் குடியிருந்த பெண்களைப் பற்றி, அவர்கள் பிள்ளைகளையும் பேத்திகளையும் எழுதச் சொல்லி வாரம் ஒரு அரைப்பக்கம் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். போனதை மட்டும் கேட்காதீர்கள், போய் இருந்ததைக் கேளுங்கள்: என்ன சமைத்தார்கள், யாரோடு பேசினார்கள், ஊருக்கு வரத் தோன்றிய நாளில் என்ன செய்தார்கள் என்று. ஆயா என் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் 43 என்னிடம் இருக்கின்றன. நகல் எடுத்து அனுப்பத் தயார். அசல் மட்டும் தர மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி