ஃபாலோ ஸ்பாட் வாங்கும் முன் தூரத்தை அளந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி ஆண்டு விழாக்களும் சபா நாடகங்களும் வரிசை கட்டி வரும் காலம் இது. சின்ன நாடகக் குழுக்களுக்கு லைட்டிங் செய்பவன் என்ற முறையில் எனக்கு இப்போது அடிக்கடி வரும் கேள்வி, "சார், ஃபாலோ ஸ்பாட் ஒண்ணு வாங்கப் போறோம், எத்தனை வாட் வாங்கலாம்?" என்பதுதான். மேடையில் நடிப்பவரை விடாமல் தொடர்ந்து ஒளிவட்டம் போட, ஓர் ஆள் கையால் திருப்பும் விளக்குதான் ஃபாலோ ஸ்பாட். வாட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஒரு டேப் எடுத்து, விளக்கு நிற்கப்போகும் இடத்திலிருந்து மேடை நடுவுக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள் என்பேன். அதைச் செய்யாமல் வாங்கிவிட்டு அப்புறம் தவிக்கிறவர்கள் நிறைய பேர் இருப்பதால்தான் இந்தக் கடிதம்.

கணக்கு எளிது. 10 டிகிரி விரியும் விளக்கு 15 மீட்டர் தூரத்தில் சுமார் 2.6 மீட்டர் அகல வட்டம் போடும். ஒருவரைத் தலை முதல் கால் வரை பிடிக்க அது தாராளம், கையை விரித்து ஆடினாலும் வெளியே போகாது. அதே விளக்கை 30 மீட்டர் தள்ளிப் பின்பக்க பால்கனியில் வைத்தால் வட்டம் 5 மீட்டரைத் தாண்டிவிடும், வெளிச்சமோ நாலில் ஒரு பங்காகிவிடும். ஐரிஸை, அதாவது விளக்குக்குள் ஒளி வரும் துளையைச் சுருக்கும் தகடுகளை, மூடி வட்டத்தைச் சின்னதாக்கலாமே என்பார்கள். ஆக்கலாம், ஆனால் ஐரிஸ் ஓரத்து வெளிச்சத்தை மறைக்குமே தவிர நடுவில் ஒரு துளிகூடக் கூட்டாது. மாறாக, பெரிய அரங்கத்துக்கான 5 டிகிரி விளக்கை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி 8 மீட்டரில் வைத்தால் வட்டம் 70 சென்டிமீட்டர்தான் வரும். முகமும் மார்பும் தெரியும், அபிநயம் பிடிக்கும் கை இருட்டுக்குள் போய்விடும், நடிப்பவருக்குக் கண் கூசி எதிரே இருப்பவர் முகம்கூடத் தெரியாது. தூரமும் கோணமும் பொருந்தினால் சின்ன ஹாலுக்கு 200, 300 வாட் எல்இடி ஸ்பாட் பெரும்பாலும் போதும்.

அடுத்தது நிறம். இதைக் கடையில் யாரும் கேட்பதே இல்லை. நம் சின்ன அரங்குகள் பலவற்றில் இன்னும் ஹாலஜன் விளக்குகள்தான், அவை 3200 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் ஏற ஏற நீலம் கூடும்) பக்கம், மஞ்சள் சாயல். டிஸ்சார்ஜ் பல்ப் (இழை இல்லாமல் வாயு வழியே மின்சாரம் பாய்ந்து ஒளிரும் பல்ப்) ஸ்பாட்டும் வெள்ளை எல்இடி ஸ்பாட்டும் பெரும்பாலும் 5600 அல்லது அதற்கு மேல், நீலச் சாயல். மேடை முழுக்க இதமான மஞ்சளில் இருக்க, கதாநாயகி மேல் மட்டும் இந்த வெள்ளை விழும்போது அரக்குப் பட்டுப் புடவை மங்கிப்போகும், மாநிறத் தோல் சாம்பல் பூத்தது போலத் தெரியும். மேக்கப் சரியில்லை என்று மேக்கப்காரரைத் திட்டுவார்கள், பாவம். ஆரஞ்சுச் சாயல் கொண்ட கரெக்‌ஷன் ஜெல் (விளக்கின் முன் மாட்டும் வண்ணத் தாள்) போட்டால் சரியாகும், ஆனால் அது கணிசமான வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

காசைக் கொடுக்கும் முன் கடையிலேயே விளக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரை மெதுவாகக் கீழே இறக்கிப் பாருங்கள், கடைசியில் படிப்படியாகக் குதித்து அணைந்தால் உருக்கமான காட்சி முடிவுகளுக்கு அது உதவாது. குறைந்த வெளிச்சத்தில் வைத்து ஃபோனில் வீடியோ எடுத்துப் பாருங்கள், கோடு கோடாக ஓடினால் உங்கள் நாடகப் பதிவிலும் அதேதான் ஓடும். அப்புறம் ஃபேன் சத்தம். வசனத்தை நம்பி நிற்கும் நாடகத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் காதுக்குப் பின்னால் ஒரு விளக்கு உறுமிக்கொண்டே இருந்தால் யார் என்ன செய்ய முடியும்?

இனி பராமரிப்பு, எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். ஒரு மண்டபத்தில் நல்ல டிஸ்சார்ஜ் ஸ்பாட் ஒன்றைப் பார்த்தேன். ஸ்டாண்டின் திருகு காணாமல் போய்க் கம்பியால் கட்டியிருந்தார்கள், ஐரிஸ் தகடுகள் சூட்டில் நெளிந்து பாதியில் சிக்கியிருந்தன, லென்ஸ் மேல் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. விளக்கு மங்கிவிட்டது, புதுசு வாங்கப் போகிறோம் என்றார்கள். லென்ஸையும் காற்றுத் துவாரத்தையும் துடைத்தாலே பாதி வெளிச்சம் திரும்பியிருக்கும்.

டிஸ்சார்ஜ் விளக்கை ஒவ்வொரு இருட்டுக்கும் அணைக்கவே கூடாது. சூடாக இருக்கும் பல்ப் மறுபடி பற்ற சில நிமிடம் ஆகும், அதற்குள் காட்சியே முடிந்துவிடும், பல்பின் ஆயுளும் குறையும். நடுவில் ஒளியை மறைக்கும் ஷட்டரை மூடினால் போதும். நாடகம் முடிந்ததும் பல்பை மட்டும் அணைத்துவிட்டு ஃபேனை ஓட விட வேண்டும், முழுக்க ஆறிய பிறகுதான் விளக்கை நகர்த்த வேண்டும். வேன் காத்திருக்கிறது என்று சூட்டோடு தூக்கிப் போவதுதான் பல்புக்கு எமன். புது பல்பை வெறும் விரலால் தொடக்கூடாது, விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் சூடு ஏறி அது கெட்டுப்போகும். குறித்த மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் வெடிக்கவும் கூடும். ஐரிஸ் இறுகினால் எண்ணெய் விடாதீர்கள், சூட்டில் புகையும், கிராஃபைட் தூள் போடுங்கள். உடல் உலோகம் என்பதால் எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது உயிரோடு விளையாடுவது, அதுவும் பள்ளிப் பிள்ளைகள் கையில்.

சுண்ணாம்புக் கட்டியைச் சூடேற்றி வெளிச்சம் எடுத்த 19ஆம் நூற்றாண்டு லண்டன் நாடக அரங்குகளில், விளக்குக்கு ஓர் ஆள் கூடவே நின்று அந்தக் கட்டியைத் திருப்பிக்கொண்டே இருப்பார். இன்று நம்மூரில் விளக்கு வாங்க மனம் வருகிறது, அதன் பக்கத்தில் நிற்க ஓர் ஆளை நியமிக்க மட்டும் மனம் வருவதில்லை. நாடகத்தன்று மாலை, சும்மா இருக்கும் யாரையாவது மேலே ஏற்றிவிடுகிறார்கள். நடிகர் திரும்பும் முன்பே விளக்கு திரும்ப வேண்டுமென்றால், பிடிப்பவர் ஒத்திகையில் உட்கார்ந்து அவர் எந்த வசனத்தில் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று பார்த்திருக்க வேண்டும். இருட்டில் ஆளைக் குறி தவறாமல் பிடிக்க, விளக்கின் மேல் முன்னும் பின்னுமாக இரண்டு சின்ன வளையங்களைப் பொருத்தி அவற்றின் வழியே பார்த்துக்கொண்டால் பெரிய உதவி.

அரங்கை வாடகைக்கு விடும் சபாக்களுக்கும் மண்டபங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏசி, மைக் வரிசையில் ஃபாலோ ஸ்பாட்டையும் சேர்த்து, அது வேலை செய்கிறதா, எந்த பல்ப், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, மேடையிலிருந்து எத்தனை மீட்டர் என்று புக்கிங் படிவத்திலேயே எழுதிக் கொடுங்கள். மாலை ஐந்து மணிக்கு வந்து இறங்கி ஏழு மணிக்குத் திரை தூக்க வேண்டிய சின்னக் குழுக்களுக்கு வாடகை விளக்கு எடுப்பதா வேண்டாமா என்று முதல் நாளே முடிவு செய்ய முடியும்.

இப்படிக்கு,
நாடக ஒளியமைப்பாளர் ஒருவர்,
சென்னை