கடற்கொள்ளையர் படங்களில் காற்று எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில் கடற்கொள்ளையர் படங்களைப் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஒரு கண்ணை மறைக்கும் துணி, தோளில் கிளி, மண்டையோட்டுக் கொடி ஆகியவற்றில் கற்பனை கலந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் கட்டுரையாளர், கப்பலும் கடல் வாழ்வும் மட்டும் அந்தக் காலத்தில் இருந்தபடியே காட்டப்படுகின்றன என்று முடித்திருந்தார். என் கருத்து இதற்கு நேர்மாறானது. உடையையும் கொடியையும் மன்னித்துவிடலாம். அந்தப் படங்கள் பிசகுவது கப்பலிலும் கடலிலும்தான். கடலூரில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்குத் தோணிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டாலி கிளார்க்காகக் கணக்கெழுதியவன் என்ற முறையிலும், அந்த வேலையின் பயனாகப் பழைய கப்பல்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கி இன்றுவரை அந்தப் பழக்கத்தை விடாதவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

முதலில் துறைமுகத்தை எடுத்துக்கொள்கிறேன். எந்தப் படத்திலும் கப்பல் கல் பதித்த துறையில் நேராக வந்து ஒட்டி நிற்கிறது. ஒரு பலகையைப் போடுகிறார்கள். கதாநாயகன் கைவீசி நடந்து இறங்குகிறான். கரீபியன் தீவுகளின் இயற்கைத் துறைமுகங்கள் சிலவற்றில் அப்படி நடந்திருக்கலாம். அதே காலத்துக் கப்பல்கள் சோழமண்டலக் கரைக்கு வந்தால் அந்த வசதி கிடையாது. கடலூரில் ஆற்று முகத்துவாரம் இருந்தும் மணல்திட்டு குறுக்கிடுவதால் சிறு தோணிகள் மட்டுமே உள்ளே வர முடிந்தது. புதுச்சேரியிலோ 1860களில் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் கட்டப்படும் வரை திறந்த கடற்கரையைத் தவிர வேறொன்றும் இல்லை. கப்பல் தொலைவில் நங்கூரமிட, ஆளும் சரக்கும் சலங்குகளில் கரை சேர்ந்தன. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பைப் புரட்டுகிறவர்கள், கப்பல் வந்த சேதியும், அதற்கு எத்தனை பீரங்கி போட்டு மரியாதை செய்தார்கள் என்ற எண்ணிக்கையும் பக்கத்துக்குப் பக்கம் வருவதைக் காணலாம். சலங்கு என்பது ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்துச் செய்த படகு. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அலை உடையும் இடத்தில் தரைதட்டினால் பிளந்துவிடும். தைத்த படகோ அடியை வாங்கிக்கொண்டு வளைந்துகொடுத்து மணலில் ஏறிவிடும். கப்பலில் அவர் ஆளுநரோ தளபதியோ, கரை சேரும் கடைசிக் கட்டத்தில் நம்மூர்ப் படகோட்டியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தலையைக் குனிந்து உட்கார வேண்டியவராகவே இருந்தார். இந்தக் காட்சியை எந்தப் படமும் எனக்கு இதுவரை காட்டவில்லை.

கப்பலில் ஏறுவதும் அப்படித்தான். படத்தில் கயிற்றைப் பிடித்து ஊஞ்சலாடிப் பக்கத்துக் கப்பலில் குதிக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் நூலேணியைத் தோணி தாழும்போது எட்டிப் பிடித்தேன். அடுத்த அலையில் தோணி எழும்பி வந்து இடது காலைக் கப்பலின் இரும்போடு சேர்த்து நசுக்கியது. தோணி அலையின் உச்சிக்கு வரும்வரை காத்திருந்து, அது இறங்கத் தொடங்கும் அந்த ஒரு நொடியில் ஏணிக்கு மாற வேண்டும் என்பதைத் தோணியின் தலைவரான தண்டல்காரர் அன்று திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். நின்றுகொண்டிருக்கும் கப்பலில், பட்டப்பகலில், யாரும் எதிர்க்காதபோதே நிலைமை இதுவென்றால், வாளைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடும் கப்பலில் ஏறியவர்கள் எத்தனை பேர் நடுவிலேயே தண்ணீரில் விழுந்திருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

அடுத்தது காற்று. நம் மீனவர்கள் வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று திசைக்கொரு பெயர் வைத்திருப்பது அழகுக்காக அல்லவே. பாய்மரக் கப்பலுக்குக் காற்றே எஞ்சின், காற்றே எரிபொருள், பல சமயம் காற்றே எதிரி. படங்களிலோ எல்லாப் பாய்களும் எப்போதும் புடைத்திருக்கின்றன; துரத்துகிற கப்பலுக்கும் தப்புகிற கப்பலுக்கும் ஒரே நேரத்தில் பின்காற்று கிடைக்கிறது. இதற்கு மறுப்பாக நம் ஊர்க் கடலிலேயே நடந்த ஒரு போர் இருக்கிறது. 1783 ஜூன் மாதத்தில் ஆங்கிலேயர் கடலூரைத் தரைவழியே முற்றுகையிட்டிருந்தார்கள்; உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இருந்தார்; கடலில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸின் 18 போர்க்கப்பல்களுக்கு எதிரே பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரனின் 15 கப்பல்கள். இரு படைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே, சாதகமான காற்றுக்காகப் பல நாள்களைக் கழித்தன. இடையில் சுஃப்ரன், தம் கப்பல்களில் ஆள் பற்றாமல், புஸ்ஸியின் படையிலிருந்து 1,200 பேரை வாங்கி ஏற்றிக்கொண்டார். கடைசியில் 20ஆம் தேதி மாலை நான்கு மணிக்கு மேல்தான் பீரங்கிகள் முழங்கின, இருட்டியதும் ஓய்ந்தன. இரு தரப்பிலும் ஏறத்தாழ நூறு நூறு பேர் இறந்தார்கள், அதைப்போல் பல மடங்கினர் காயமடைந்தார்கள். ஆயினும் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை, ஒன்றுகூடப் பிடிபடவில்லை. வென்றவர் யாரென்பதைத் தீர்மானித்தவை குடிநீர்ப் பற்றாக்குறையும், ஆங்கிலேய மாலுமிகளிடையே பரவியிருந்த, காய்கனி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயும்தான். ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிவிட்டார். இதில் என்னை இன்றும் உறுத்துகிற செய்தி ஒன்று உண்டு. பிரிட்டனும் பிரான்சும் முன்னோட்ட அமைதி உடன்படிக்கையில் அந்த ஆண்டு ஜனவரி 20 அன்றே கையெழுத்திட்டுவிட்டன. அந்தச் சேதி கப்பலேறி நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கடலூருக்கு வந்து சேர்வதற்குள் ஐந்து மாதம் கழிந்து, அந்த இருநூறு பேரும் செத்திருந்தார்கள். காற்றின் வேகம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பீரங்கியைப் பற்றியும் கட்டுரையில் ஒரு பிழை இருந்தது. படங்களில் குண்டு விழுந்த இடமெல்லாம் தீப்பிழம்பாக வெடிக்கிறது; கட்டுரையாளர் அதையும் உண்மை என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காலத்துக் கப்பல்கள் வழக்கமாகச் சுட்டவை வெறும் இரும்பு உருண்டைகள். அவை வெடிப்பதில்லை, மரத்தைத் துளைத்துச் செல்லும், அப்போது சிதறும் மரச்சிம்புகள்தாம் ஆள்களைக் கொன்றன. வெடிகுண்டு எறிவதற்குத் தனிவகைக் கப்பல்கள் இருந்தன. கொள்ளையரிடம் அவை இல்லை. இதற்கும் நாம் நூலகம் தேடிப் போக வேண்டாம். 1690இல் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கம்பெனி, கோட்டையிலிருந்து பீரங்கியை நாலாபுறமும் சுட்டு, குண்டு போய் விழுந்த தொலைவுக்குள் அடங்கிய ஊர்களையெல்லாம் தனதாக்கிக்கொண்டது. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வழங்கியது. குண்டு உப்பலவாடி என்னும் ஊரும் நம்மிடையே இன்றும் இருக்கிறது. அந்தக் குண்டுகள் சினிமாவில் வருவதுபோல் வெடித்துச் சிதறியிருந்தால், கம்பெனிக்காரர்கள் எல்லையை எந்த இடத்தில் நட்டிருப்பார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

சுக்கான் சக்கரத்தைப் பற்றிய பேச்சை நான் நீட்டப் போவதில்லை. அது 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் புழக்கத்துக்கு வந்தது; அதற்கு முன் நெட்டுக்குத்தான ஒரு நீண்ட கோலால் சுக்கானைத் திருப்பினார்கள். ஆகவே 1660களில் நடப்பதாகச் சொல்லும் கதையில் தலைவன் சக்கரத்தைச் சுழற்றுவது தவறு. ஆனால் கப்பலின் அடிமரத்தைத் துளைக்கும் கடற்புழு எந்தப் படத்திலும் தலைகாட்டாததுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. வெப்பக் கடல்களில் சில மாதங்களிலேயே அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் மண்டி, புழு அரித்து, கப்பலின் ஓட்டம் குறைந்துவிடும். துரத்திப் பிடிப்பதும் தப்பி ஓடுவதுமே தொழிலாகக் கொண்ட கொள்ளையருக்கு வேகம் போனால் பிழைப்பே போயிற்று. ஆகையால் ஆளில்லாத ஏதாவதொரு கரையில் கப்பலை ஏற்றிச் சாய்த்து, பீரங்கிகளையும் சரக்கையும் இறக்கிவைத்து, நாள்கணக்கில் சுரண்டிக் கீல் பூசினார்கள். மடகாஸ்கர் கரையோரம் உள்ள செயின்ட் மேரி தீவு அவர்களுக்கு உகந்த இடமானதற்கு இதுவும் ஒரு காரணம். கொள்ளையனின் ஆண்டில் வாள் சுழற்றிய நாள்களைவிடச் சிப்பி சுரண்டிய நாள்கள் அதிகமாக இருந்திருக்கும் என்பது என் துணிபு.

மழைக்காலத்தையும் சொல்லியாக வேண்டும். ஐப்பசி பிறந்தால் இந்தக் கரையில் கப்பலை நிறுத்திவைக்க எந்தத் தளபதியும் அஞ்சினார். 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே, அடுத்த மாதமே அக்டோபர்ப் புயலில் கப்பல்களைப் பறிகொடுத்தார். 1761 ஜனவரி முதல் நாள் புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பல்களில் பலவற்றைப் புயல் அழித்ததில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலூரில் 2011இல் தானே புயலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சினிமாப் புயல் வசதியான நேரத்தில் வந்து, வில்லனை மட்டும் கொண்டுபோய்விடுகிறது.

இனி புதையல். கொள்ளையர் தங்கத்தைப் புதைத்து வரைபடம் எழுதிவைத்தார்கள் என்பது கதாசிரியர்கள் ஊதிப் பெருக்கியது. வில்லியம் கிட் என்பவர் 1699இல் அமெரிக்கக் கரையோரத் தீவொன்றில் கொஞ்சம் புதைத்தது உண்மை, அதுவும் உடனே தோண்டி எடுக்கப்பட்டுவிட்டது. அதே கிட் 1698 தொடக்கத்தில் மலபார்க் கரைக்கு அப்பால் பிடித்த கப்பல் வங்காளத்திலிருந்து சூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் இருந்தவை துணி, சர்க்கரை, அபின், இரும்பு, வெடியுப்பு. 1701இல் லண்டனில் அவரைத் தூக்கிலிட்ட வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டதும் இந்தக் கப்பல்தான். தங்கமும் வெள்ளியும் கிடைத்ததே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1695இல் ஹென்றி எவரி கொள்ளையிட்ட கஞ்சி-சவாய் என்ற மொகலாயக் கப்பலில் அது ஏராளமாக இருந்தது. அதற்காகச் சூரத்தில் இருந்த ஆங்கிலேயரைச் சிறையில் அடைத்தார்கள் ஔரங்கசீப்பின் அதிகாரிகள். எனினும் அன்றாடக் கொள்ளை என்பது துணிமூட்டை, பாய்த்துணி, கயிறு, மருந்து ஆகியவையே. கருந்தாடி என்று பெயர் பெற்றவர் 1718இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தையே மறித்துக்கொண்டு கேட்டது ஒரு மருந்துப் பெட்டியை. நம் கரையின் துணிக்காகத்தான் கம்பெனிக்காரர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் கோட்டை கட்டினார்கள் என்பதை நினைத்தால், கொள்ளையனின் பெட்டியைத் திறக்கும்போது காசுக்குப் பதில் ஒரு கட்டு நீலத்துணியைக் காட்டும் இயக்குநர் யாராவது வரமாட்டாரா என்று தோன்றுகிறது.

படங்கள் சரியாகச் சொல்லுகிற ஒன்றையும் மறைக்கக் கூடாது. கொள்ளையர் தங்கள் தலைவனை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள், பிடிக்காவிட்டால் மாற்றினார்கள், பங்கு பிரிப்பதற்கும் கை கால் இழந்தவனுக்கு ஈடு தருவதற்கும் எழுத்தில் விதி வைத்திருந்தார்கள். 1722இல் இறந்த பார்த்தலோமியூ ராபர்ட்ஸின் கப்பலில் இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும் என்பதும், காசு வைத்துச் சூதாடக் கூடாது என்பதும் விதி. விடுதி மாணவர்களுக்கு எழுதிவைத்ததுபோல் இருக்கும் இதைப் படம் எடுப்பவர்கள் விரும்பமாட்டார்கள். 1965இல் வந்த எம்.ஜி.ஆர். படத்தில் அடிமையாக விற்கப்பட்ட மருத்துவன் வேறு வழியின்றிக் கொள்ளையர் கூட்டத்தில் சேர்வான். கொடுமையிலிருந்து தப்பி அந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் உண்மையிலும் உண்டு. அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லாததால் அதன் கப்பலில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை.

இறுதியாக, கட்டுரையில் என்னை எழுதத் தூண்டிய வரிக்கு வருகிறேன். 2007இல் வந்த ஆங்கிலப் படமொன்றில் உலகக் கொள்ளையர் தலைவர்கள் கூடும் அவையில் சம்பாஜி ஆங்கரே என்ற பெயரில் ஒருவர் அமர்ந்திருப்பதைச் சுட்டி, நம் நாட்டிலும் இப்படி ஒரு கொள்ளைக் குடும்பம் இருந்ததாகக் கட்டுரையாளர் பெருமைப்பட்டிருந்தார். 1729இல் மறைந்த கானோஜி ஆங்கரே மராட்டிய அரசின் கடற்படைத் தலைவர். சம்பாஜி அவருடைய மகன். தம் கடலில் செல்லும் கப்பல்கள் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும் என்றார் கானோஜி. வாங்காத கப்பலைப் பிடித்தார். போர்த்துக்கீசியர் அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கர்தாஸ் என்ற பெயரில் இதே சீட்டை நம் வணிகர்கள் தலையில் கட்டி, வாங்காதவர்களின் கப்பலைக் கைப்பற்றிவந்தார்கள். அவர்கள் செய்தது சட்டமாகவும் இவர் செய்தது கொள்ளையாகவும் ஆனது எழுதியவர்களின் கைவண்ணம். 1721இல் ஆங்கிலேயரும் போர்த்துக்கீசியரும் சேர்ந்து தாக்கியும் அவரை அசைக்க முடியவில்லை. மும்பையில் இந்தியக் கடற்படைத் தளம் ஒன்றுக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். ஆகவே ஆங்கரே குடும்பத்தாரைக் கடற்கொள்ளையர் என்று குறித்த அந்த வரிக்கும், வெடிக்கும் குண்டைப் பற்றிய வரிக்கும் அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் வெளியிடுமாறு தங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கடலூர் முதுநகர்.