பாளையங்கோட்டை நகராட்சிக்கு 160: சங்கத்தின் 2025–26 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டை நகராட்சி ஆனது 1866இல். தாமிரபரணி ஆற்றுக்கு அக்கரையில் திருநெல்வேலிக்கும் அதே ஆண்டில்தான் நகராட்சி வந்தது. இது 160ஆம் ஆண்டு என்பதால், சங்கத்தின் பணிகளை இதையொட்டியே அமைத்துக்கொண்டோம்.

ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் சிறையிலிருந்து தப்பியது பாளைக் கோட்டையிலிருந்துதான் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கோட்டை போன பின் ஊர் தன் தெருவுக்கும் சாக்கடைக்கும் தானே பொறுப்பேற்ற கதையைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. கோட்டைக் கதைக்கு இது சற்றும் குறைந்ததல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

1865ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டத்தின்கீழ் அமைந்த அந்த நகராட்சிக்குத் தேர்தல் கிடையாது. கலெக்டரே தலைவர், உறுப்பினர்களை அரசே நியமித்தது. வீட்டு வரி, தொழில் வரி என்று ஊராரிடம் வசூலித்த பணத்தில், போலீஸ் செலவின் முக்கால் பங்கை நகராட்சியே கட்ட வேண்டும். மிஞ்சியதில்தான் சாலையும் துப்புரவும். 1871ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சுமையை இறக்கி, கல்வி, மருத்துவம் போன்ற பொறுப்புகளைத் தந்தது. ஊராரே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் வழி, ரிப்பன் பிரபு காலத்துச் சீர்திருத்தத்தை அடுத்து வந்த 1884ஆம் ஆண்டுச் சட்டத்தால் அகலத் திறந்தது.

1994இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளும் தச்சநல்லூர் பேரூராட்சியும் இணைந்து மாநகராட்சி ஆயின. இணைப்பு வேண்டியதுதான், ஒரே ஆற்றை நம்பி வாழும் ஊர்களுக்குத் தனித்தனி நிர்வாகம் எதற்கு? ஆனால் 128 ஆண்டுகள் தனித்து இயங்கிய நகராட்சியின் நினைவு, மாநகராட்சியின் ஒரு மண்டலத்தின் பெயரோடு நின்றுவிடக் கூடாது.

இதற்காகவே பழைய காகிதக் கண்காட்சி ஒன்றை நடத்தினோம். உறுப்பினர் ஒருவரின் தாயார் மரப்பெட்டியிலிருந்து எடுத்துவந்த வீட்டு வரி ரசீதைச் சுற்றித்தான் கூட்டம் நின்றது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்த தாள். ஊதா நிறத்தில் நகராட்சி முத்திரை. ஈரம் பட்டால் மைபோல் நிறம் விடும் காப்பி பென்சிலால் எழுதிய தொகை, ஈரம் பட்ட இடத்தில் மட்டும் நீலமாய்ப் பரவியிருந்தது. பெரியவர்கள் கதவு எண்ணைப் பார்த்தே வீட்டை அடையாளம் சொன்னார்கள்.

நகராட்சிக் காலத் தீர்மானப் புத்தகங்களைப் பாதுகாத்து, ஆய்வாளர்கள் பார்வையிட அனுமதிக்கக் கோரி மனு கொடுத்திருக்கிறோம். கோட்டைச் சுவரின் எஞ்சிய பகுதிகளைப் பார்க்க மாணவர்களை அழைத்துச் சென்றோம். மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

வரும் ஆண்டில் மேலப்பாளையம், தச்சநல்லூர்க் காகிதங்களையும் சேர்க்க இருக்கிறோம். உங்கள் வீட்டில் இருப்பதைச் செல்லரித்திருந்தாலும் அப்படியே கொண்டுவாருங்கள். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தந்துவிடுவோம்.

இவண்,
செயலாளர்