பாதியில் நின்ற தமிழ் வரிகள்: கட்டணத் தொலைக்காட்சி நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிகழ்ச்சிப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஜாக்கி சான் நடித்த ஹாங்காங் அதிரடிப் படவரிசையான 'போலீஸ் ஸ்டோரி' உருவான விதத்தைச் சொல்லும் ஆவணப்படத்தைத் தமிழ் வசன வரிகளுடன் ஒளிபரப்புவதாக அறிவித்திருந்தீர்கள். அந்த வரிகள் பாதியிலேயே நின்றுபோனதும், அதுபற்றி உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குப் புகார்கள் வந்ததும் நீங்கள் அறிந்ததே. அப்படத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை தமிழ் வரிகளுடன் மீண்டும் ஒளிபரப்புமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

என் தந்தையார் கோலாலம்பூரின் செந்தூல் இரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரும்பு இரைச்சலில் கழிந்த அந்த ஆண்டுகளில் செவித்திறன் பெரும்பாலும் போய்விட்டது. வாசிக்கத் தெரிந்ததோ தமிழ் மட்டுமே. 1985-இல் வந்த முதல் படத்தில், பேரங்காடியின் நடுவே விளக்குச் சரங்கள் சுற்றிய கம்பத்தைப் பற்றியபடி ஜாக்கி சான் சறுக்கி இறங்கியதையும், விளக்குகளின் சூட்டில் அவர் கைகள் வெந்துபோனதையும் அப்பா வரிவரியாகப் படித்து வியந்துகொண்டிருந்தார். மூன்றாம் படத்தின் பகுதி தொடங்கியதும் எழுத்துகள் மறைந்தன.

1992-இல் வெளியான அம்மூன்றாம் படத்தின் உச்சக்கட்டம் நம் கோலாலம்பூரில் எடுக்கப்பட்டது. இரட்டைக் கோபுரங்கள் இன்னும் எழாத நகரத்தின் மேலே, ஹெலிகாப்டரிலிருந்து தொங்கும் கயிற்றேணியைப் பிடித்துக்கொண்டு ஜாக்கி சான் பறக்கிறார். நம் ஈப்போவில் பிறந்த நடிகை மிஷல் இயோ மோட்டார் சைக்கிளோடு ஓடும் இரயிலின் மேல் பாய்ந்து இறங்குகிறார். இவற்றை அப்பா படத்திலேயே பார்த்தவர்தான். எப்படிச் செய்தார்கள் என்பதை அறியத்தான் ஆவணப்படத்தின் முன் அமர்ந்திருந்தார். இரயிலோடு வாழ்ந்தவர் ஆதலால், அதன் வேகத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டத் தொடங்கினேன். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் திரையில் வேறொருவர் வேறொன்றைப் பேசிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அப்பா என் கையைப் பிடித்து, போதும் என்று சைகை காட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

தொழில்நுட்பக் கோளாறு என்று உங்கள் சேவைப் பிரிவில் சொன்னார்கள். மலாய், சீன வரிகள் கடைசிவரை ஓடியிருக்க, தமிழுக்கு மட்டும் நேர்ந்த அக்கோளாறு மறுநாள் மறுஒளிபரப்பிலும் அதே இடத்தில் நேர்ந்தது எப்படி என்பதற்கு விளக்கம் இல்லை. வரிகள் பாதிவரைதான் எழுதப்பட்டிருந்தன, யாரும் அதைச் சரிபார்க்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். தமிழ்க் குடும்பங்களும் எல்லாரையும் போல மாதக் கட்டணம் செலுத்துகின்றன. தீபாவளி நெருங்கினால் சந்தா சேர்க்கத் தமிழில் அழைக்கிறீர்கள். ஆனால், திரைப்படமும் பாட்டும் தவிர்த்து, ஒரு கலை எவ்வாறு உருவாகிறது என்று அறியத் தமிழர் விரும்பும்போது அந்தத் தமிழ் ஏன் கிடைப்பதில்லை? ஆவணப்படங்களுக்குத் தமிழ் வரிகள் வருவதே அபூர்வம் என்பதால்தான் இந்த ஏமாற்றம் இவ்வளவு வலிக்கிறது.

ஆகவே, அந்த ஆவணப்படத்தை முழுமையான தமிழ் வரிகளுடன் மறுபடியும் ஒளிபரப்புங்கள் என்று மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்குமுன், தமிழ் தெரிந்த ஒருவர் அதை இறுதிவரை அமர்ந்து பார்த்துச் சரிபார்க்க வேண்டும். நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே அறிவித்தால் அப்பாவிடம் சொல்லி வைப்பேன்.

இப்படிக்கு,
செந்தூல் சந்தாதாரர் ஒருவர்,
கோலாலம்பூர்