நாளைக்கு நிலாவுக்குக் கணக்குப் பரீட்சை

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்
11 மே 2025, ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

வசந்தி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? புது மாத்திரை ஒத்துக்கொண்டதா?

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "நிலா என்ன பரீட்சை எழுதினா? ரிசல்ட் எப்போ?" என்று மூன்று தடவை கேட்டீர்கள். நானும் மூன்று தடவை சொன்னேன். உங்களுக்குக் காதில் விழவில்லை. அன்றைக்குத்தான் அக்கா பையன் கார்த்தியும் நீட் எழுதிவிட்டு வந்திருந்தான், வீடு முழுக்க ஒரே பேச்சுச் சத்தம். இதை உட்கார்ந்து எழுதினால்தான் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும் என்று அப்போதே நினைத்தேன். கடிதம் வந்து சேர்வதற்குள் ரிசல்ட்டே வந்துவிடலாம். பரவாயில்லை, நீங்கள் கடிதத்தை நாலு தடவை படிப்பவர்.

நிலா 3ஆம் தேதி எழுதியது எஸ்.ஏ.டி. நம் ஊர் நுழைவுத்தேர்வு மாதிரிதான், ஆனால் அதை மட்டும் வைத்து யாரும் சீட் தருவதில்லை. 1600 மதிப்பெண்: ஆங்கிலத்துக்கு 800, கணக்குக்கு 800. மொத்தம் 2 மணி 14 நிமிடம். தாளே கிடையாது, எல்லாம் லேப்டாப்பில். தப்பாக எழுதினால் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், கார்த்தியின் நீட்டில் குறைக்கிறார்களே, அதுபோல இல்லை. கணக்குக்கு முழு நேரமும் கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம். கிராஃப் போடும் கால்குலேட்டர் திரையிலேயே இருக்கிறது. லாக் பார்க்கும் கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டிப் புரட்டி ஓரம் கிழிந்துபோன வீட்டில் வளர்ந்த எனக்கே இது முதலில் மனசுக்கு ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்களோ!

இன்னொரு விஷயம் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். கணக்கை இரண்டு பகுதியாகத் தருகிறார்கள், ஒவ்வொன்றிலும் 22 கேள்வி, 35 நிமிடம். முதல் பகுதியில் சுலபமும் கஷ்டமும் கலந்து வரும். அதை எப்படிச் செய்தாள் என்று கம்ப்யூட்டர் பார்த்துவிட்டு, நன்றாகச் செய்திருந்தால் இரண்டாம் பகுதியைக் கடினமாகக் கொடுக்கும், இல்லையென்றால் சுலபமாக. பெரிய மதிப்பெண் வேண்டுமென்றால் அந்தக் கடினமான பகுதிக்குள் போயாக வேண்டும். "ரெண்டாவது கஷ்டமா இருந்தா சந்தோஷப்படணும்மா" என்று நிலா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

அப்பா, இந்தப் பதினோராம் வகுப்பு இங்கே ஒரு தனிப் பாடு. ஜூனியர் இயர் என்பார்கள். நம் ஊரில் ப்ளஸ் ஒன் என்றால் மூச்சு விடுகிற வருஷமாகத்தானே இருந்தது? இங்கே கல்லூரிக்கு விண்ணப்பிப்பது பன்னிரண்டாவதின் ஆரம்பத்தில். அதனால் கல்லூரிகள் பார்க்கப்போகும் கடைசி முழு வருட மதிப்பெண் இதுதான். இந்த மாதக் கடைசியில் பள்ளி முடியும்போது என்ன ரேங்க்கில் நிற்கிறாளோ, அதுதான் போகும். சிபாரிசுக் கடிதம் கேட்பதும் பெரும்பாலும் இந்த வருட ஆசிரியர்களிடம்தான். அப்புறம் ஏ.பி. என்று கல்லூரித் தரப் பாடங்கள் வேறு. நிலா நாலு எடுத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை அமெரிக்க வரலாறு முடிந்தது. நாளைக்குக் கணக்கு, புதன் ஆங்கிலம், அடுத்த வெள்ளி இயற்பியல்.

டெக்சாஸில் ரேங்க்குக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதற்கு ஒரு சட்டம் காரணம். 1997இல் கொண்டுவந்தார்கள். பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் பிள்ளைக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் நேராக இடம். பெரிய நகரத்துப் பள்ளியானாலும் பருத்திக்காட்டு நடுவில் இருக்கும் பள்ளியானாலும் ஒரே கணக்கு. நல்ல சட்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எல்லோரும் ஆசைப்படும் ஆஸ்டின் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அந்த வரம்பு பின்னால் ஆறு சதவீதமாகக் குறைந்தது, நிலா சேரப்போகும் 2026க்கு ஐந்து. இவள் வகுப்பில் 500 பேர் என்று வையுங்கள், முதல் 25 பேருக்குள் வர வேண்டும். நம் ஊர், ஹைதராபாத், சீனா, கொரியா என்று வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் நிறைந்த பள்ளி. நிலா 61ஆவது. நன்றாகப் படிக்கிற பெண்தான் அப்பா. ஆனால் அந்த 61ஐ வீட்டில் ஒரு குறையைப்போல் உச்சரித்தவள் நான்தான். அதை உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

அந்த 25க்குள் வராதவர்களுக்கு எஸ்.ஏ.டி. மதிப்பெண் பெரிய துணை. இதிலும் ஒரு குழப்பம். கொரோனா வந்த 2020இல் பரீட்சை மையங்களை மூடிவிட்டதால், மதிப்பெண் அனுப்புவது அவரவர் விருப்பம் என்று பெரும்பாலான கல்லூரிகள் சொல்லிவிட்டன. பிறகு எம்.ஐ.டி. 2022இல் திரும்பக் கேட்டது. போன வருடம் ஹார்வர்டும் கேட்டது, ஆஸ்டினும் கேட்டது. கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களோ, அனுப்பினாலும் பார்க்க மாட்டோம் என்கின்றன. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு விதி. இவர் இதற்கென்றே ஒரு பெரிய அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்.

ஆகஸ்டில் பள்ளி திறந்ததிலிருந்து எனக்கு இதே நினைப்பு. கோயிலுக்குப் போனால், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுகூட "உங்க பொண்ணு எந்தக் கோச்சிங்?" என்றுதான் பேச்சு. ஒரு கோடைக்கு ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கும் வகுப்புகள் இருக்கின்றன. பயத்தில் நானும் ஒன்றில் பெயர் கொடுத்தேன். சனிக்கிழமை முழுநாள். ஆனால் நிலா பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள் இல்லையா? இங்கே வெள்ளி ராத்திரி அமெரிக்கக் கால்பந்து என்றால் ஊரே திரளும், நடுவில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அணிவகுத்து வாசிப்பார்கள். சனிக்கிழமை போட்டிகள். அதற்காக ஆகஸ்ட் வெயிலில் காலை ஏழு மணியிலிருந்து தார்த்தரையில் நின்று பழகினாள், கழுத்தெல்லாம் கறுத்துப்போய் வருவாள். "இந்த ஒரு வருஷம் பேண்டை விட்டுடு" என்றேன்.

அவள் சண்டை போடவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "பேண்ட்ல மட்டும்தான்மா யாரும் என்னை மார்க் கேக்கறதில்லை" என்றாள்.

கோச்சிங்கை நிறுத்திவிட்டோம். ஆனாலும் புத்தி உடனே வந்துவிடவில்லை. அக்டோபரில் பள்ளியிலேயே முன்னோட்டமாக ஒரு பரீட்சை வைத்தார்கள், 1520க்கு. நவம்பரில் மதிப்பெண் வந்தது, 1270. நல்ல மதிப்பெண்தான். காரில் வந்துகொண்டிருந்தோம். பக்கத்துத் தெருப் பையன் எவ்வளவு வாங்கினான் என்று கேட்டுவிட்டேன். சிக்னல் பச்சையாகியும் நான் கிளம்பவில்லை, பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கப்புறம் இரண்டு மாதம் அவளுடைய அறைக்கதவு சாத்தியேதான் இருந்தது. சாப்பாட்டு மேசையில் கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

ஜனவரியில் ஒரு நாள் அவளே வந்தாள். இணையத்தில் இலவசமாகவே பாடமும் பயிற்சித் தேர்வும் கிடைக்கிறது, கான் அகாடமியில் படித்துக்கொள்கிறேன், சனிக்கிழமை காலையில் நிஜப் பரீட்சை நேரத்திலேயே வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன், எனக்குச் சத்தம் இல்லாமல் இருந்தால் போதும் என்றாள். கேட்டது அவ்வளவுதான் அப்பா.

அதிலிருந்து சில சனிக்கிழமைகள் நம் வீட்டுச் சமையலறை பரீட்சை ஹால். எட்டு மணிக்கு மேசையில் உட்காருவாள். எட்டிலிருந்து பத்தரை வரை குக்கர் வைக்க மாட்டேன், மிக்ஸி போட மாட்டேன். குழாயைக்கூடச் சின்னதாகத்தான் திறப்பேன். இவர் மாடியில் செருப்பில்லாமல் நடப்பார். நான் எதிர் நாற்காலியில் கீரை ஆய்ந்துகொண்டோ பூண்டு உரித்துக்கொண்டோ இருப்பேன். அவள் பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு யோசிப்பாள். உங்களுக்கும் அதே பழக்கம், சாக்பீஸால் தட்டித் தட்டிக் கன்னத்தில் வெள்ளையாக இருக்கும். நடுவில் பத்து நிமிட இடைவேளையில் எழுந்து வந்து, நான் உரித்த பூண்டை எண்ணிப் பார்த்துவிட்டுப் போவாள். முடிந்ததும் குக்கர் விசில் வரும். எவ்வளவு வந்தது என்று நான் கேட்க மாட்டேன். மூன்றாவது சனிக்கிழமை அவளே சொன்னாள்.

பக்கத்து மையங்களில் இடம் நிரம்பிவிட்டதால் ஷெர்மன் என்ற ஊரில் இடம் கிடைத்தது. வடக்கே ஓக்லஹோமா எல்லைப் பக்கம், காரில் ஒரு மணி நேரம். விடியற்காலையில் கிளம்பினோம். எட்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். லேப்டாப், சார்ஜர், அடையாள அட்டை எல்லாம் சரிபார்த்து அனுப்பிவிட்டுக் காருக்கு வந்தேன். வரிசையாகக் கார்கள், உள்ளே அப்பா அம்மாக்கள். ஒரு தெலுங்குத் தம்பதி கண்ணை மூடி ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பிக்கப் டிரக்கில் வந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இரண்டு மடக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, ஒன்றை எனக்குக் காட்டினார். அவர் மகன் மூன்றாவது தடவை எழுதுகிறானாம். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மூன்று மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அப்போது 1998 ஞாபகம் வந்தது. நுழைவுத்தேர்வுக்கு மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு என்னைப் பஸ்ஸில் கூட்டிப்போனீர்கள். வெளியே வந்ததும் நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தீர்கள். திரும்பி வரும் பஸ்ஸில் என்னோடு எழுதிய பெண்கள் விடைகளை ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்ததும், "முன்னாடி காத்து வருது வா" என்று என்னை டிரைவர் பக்கத்து சீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டீர்கள். நாலு கேள்வி கேட்டிருந்தால் போதும், நான் எவ்வளவு வாங்குவேன் என்று உங்களால் சொல்லியிருக்க முடியும். நீங்கள் கணக்கு வாத்தியார். ரிசல்ட் வரும்வரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்போது உங்களுக்கு அக்கறை இல்லையோ என்று அம்மாவிடம் அழுதிருக்கிறேன். இந்த இருபத்தேழு வருடத்தில் அதை உங்களிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

பதினொரு மணிக்கு நிலா வந்தாள். கணக்கு எப்படி என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "பசிக்குதா?" என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ரொம்ப" என்றாள். காரிலேயே தயிர்சாதம், மாவடு. இரண்டு பேருக்குக் கொண்டுபோயிருந்தேன், அவளே முக்கால்வாசி சாப்பிட்டாள். பிறகு சாவியைக் கேட்டாள். மார்ச்சில்தான் லைசன்ஸ் வாங்கினாள், ஹைவேயில் ஓட்டுவதென்றால் எனக்கு இன்னும் பயம். கொடுத்தேன். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஓட்டினாள். மெக்கின்னி தாண்டும்போது, ரோட்டைப் பார்த்தபடியே, "ரெண்டாவது கணக்கு செம கஷ்டம்மா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

செலவைப் பற்றி அம்மா கவலைப்படுவாள். பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் விடுதி சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90,000 டாலரைத் தொட்டுவிட்டது உண்மை. நாங்கள் டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களைத்தான் முதலில் பார்க்கிறோம், உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டணம் ரொம்பக் குறைவு. அதனால் கவலை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கார்த்தியின் ப்ளஸ் டூ ரிசல்ட் வியாழக்கிழமை வந்ததை அக்கா சொன்னாள். அவனிடமும் நீட்டைப் பற்றி இப்போதைக்கு யாரும் கேட்க வேண்டாம் அப்பா. நீங்கள் கேட்க மாட்டீர்கள், தெரியும். வீட்டுக்கு வருகிறவர்களைத்தான் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு உதவி. ஆகஸ்டில் விண்ணப்பம் திறந்ததும் நிலா தன்னைப் பற்றி 650 வார்த்தைக்குள் ஒரு கட்டுரை எழுத வேண்டும். போன வாரம் படுக்கும் முன் வந்து, "தாத்தா திண்ணையில டியூஷன் எடுப்பாரே, காசு வாங்க மாட்டார்னு சொன்னியே, ஏன் வாங்கலை? எத்தனை பேர் வருவாங்க? கரண்ட் போனா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். காசு வாங்காதது ஏன் என்று எனக்கே தெரியவில்லை. எதற்குக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. நீங்களே அவளுக்குத் தனியாக எழுதுங்கள். தமிழ் மெதுவாகப் படிப்பாள், கூட்டெழுத்தாக இல்லாமல் கரும்பலகையில் எழுதுவதுபோல் பெரிதாக எழுதுங்கள்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அது நிலா உங்களுக்குக் கொடுத்த வகைநுண்கணிதக் கணக்கு. நாளைய பரீட்சையில் பெரும்பகுதிக்குக் கால்குலேட்டர் கிடையாது, அந்தப் பகுதிக்காக அவள் பழகியது. தாத்தாவும் கால்குலேட்டர் இல்லாமல்தான் போட வேண்டும் என்று சொல்லச் சொன்னாள். விடையைத் தாளின் பின்பக்கம் எழுதி ஒட்டிவிட்டாள், பிரிக்காதீர்கள்.

மணி பதினொன்று ஆகிறது. அவள் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. பால் காய்ச்சி வைத்திருக்கிறேன், கொடுத்துவிட்டு வருகிறேன்.

உங்கள் அன்பு மகள்,
வசந்தி