வேண்டியவர் இருந்தால் வக்கீல் வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் ஓட்டல் தொழில் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "பார் லைசென்ஸுக்கு வக்கீல் எதற்கு? மேலிடத்தில் வேண்டியவர் ஒருவர் இருந்தால் போதாதா?" கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருப்பார். எனக்கு அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. என் மாமனார் காலத்திலிருந்து உங்கள் பத்திரிகை வரும் வீடு இது. வேறு எங்காவது படித்திருந்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பேன்.

நான் நடத்துவது தங்கும் அறைகளும் சாப்பாட்டுக்கூடமும் ஒரு பாரும் உள்ள நடுத்தர ஓட்டல். ஓட்டல் பாரில் மது பரிமாற அரசு தரும் எஃப்.எல்.3 உரிமம் என் கணவர் பெயரில் இருந்தது. அவர் திடீரென்று காலமானார். கட்டடமும் வங்கிக் கணக்கும் வாரிசுச் சான்றிதழைக் காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக என் பெயருக்கு வந்தன. உரிமம் அப்படி வராது. அது வீடு, நிலம் போன்ற சொத்து அல்ல. அரசு இன்ன ஆளுக்கு, இன்ன இடத்துக்கு, இன்ன காலம் வரை என்று தருகிற அனுமதி. இதை எனக்கு எடுத்துச் சொல்ல அப்போது ஆளில்லை. வந்தவர்கள் எல்லாரும் "அண்ணி, நீங்க கவலைப்படாதீங்க, மேல சொல்லி முடிச்சுடலாம்" என்றவர்கள்தான். பாதிப் பேர் பணம் கேட்டார்கள். மீதிப் பேர் பாரையே கேட்டார்கள்.

துக்க வீட்டின் பந்தல் பிரிக்கும் முன்பே நோட்டீஸ் வந்துவிட்டது. உரிமதாரர் அல்லாதவர் பாரை நடத்துவதாகத் தெரிய வருகிறதாம், உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் தர வேண்டுமாம். அவர் போன அன்றே நான் பாரைப் பூட்டியிருந்தேன் ஐயா. நோட்டீஸ் அனுப்பியவர்கள் கதவுப் பக்கம் வந்துகூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் தெரிந்த ஒருவர் மூலம் உயர் நீதிமன்ற வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். அவர் நோட்டீஸை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எந்த விதியை மீறியதாகச் சொல்கிறார்கள் என்பது அதில் எங்குமே இல்லை. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். பிறகு இருப்புப் பதிவேட்டைக் கேட்டார். பாரைப் பூட்டிய அன்று பிரிக்காத பெட்டி எத்தனை, திறந்த பாட்டில் ஒவ்வொன்றிலும் மீதி எவ்வளவு என்று எங்கள் மேலாளர் எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்ட பக்கம் அதில் இருந்தது. அதற்குப் பின் வந்த பக்கங்கள் வெறுமை. அந்தப் பக்கத்தின் நகல், பிள்ளைகளின் ஆட்சேபணையில்லாக் கடிதம், என் பெயருக்கு மாற்றக் கோரும் மனு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, கெடுவுக்குள், ஒப்புகைச் சீட்டோடு போயின. நோட்டீஸ் கைவிடப்பட்டது. மனு மட்டும் மேசையிலேயே கிடந்தது. அதைப் பரிசீலித்து முடிவெடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கிய பிறகுதான் அசைந்தது. அதற்குள் பாரில் வேலை பார்த்த பையன்கள் சிலர் வேறிடம் போய்விட்டார்கள்.

இதில் எந்தக் காரியத்தை வேண்டியவர் செய்து தந்திருப்பார்? அவர் போன் போடுவார். பதில் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டார். அதிகாரி மாறினாலோ ஆட்சி மாறினாலோ நம் கையில் ஒரு காகிதமும் மிஞ்சாது.

சொல்ல வந்ததோடு பழையதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் செய்திகளில் டாஸ்மாக் பாரும் ஓட்டல் பாரும் ஒன்றாகவே வருகின்றன. 2003-இல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்கு வந்ததிலிருந்து கடை அரசுடையது. பக்கத்துப் பாரை ஏலத்தில் எடுத்தவருக்குத் தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் எடுக்கவும்தான் உரிமை. நாங்கள் தனி உரிமம் பெற்று, கட்டணம் கட்டி, கணக்கு வைத்துப் பரிமாறுகிறவர்கள். எங்கோ ஒரு பாரில் விடிகாலையில் விற்றார்கள் என்று நீங்கள் எழுதினால், விளக்கம் சொல்ல வேண்டியவள் எங்கள் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்.

நெடுஞ்சாலை விவகாரம் இன்னொன்று. தமிழ்நாடு அரசு எதிர் கே.பாலு வழக்கில் 2016 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்றது. சாலையில் போகும் உயிர்களுக்காக வந்த தீர்ப்பு, அதை நான் மதிக்கிறேன். 2017 மார்ச் 31-இல் ஓட்டல் பார்களும் இதில் அடங்கும் என்று தெளிவானது. இருபதாயிரத்துக்கு மேல் மக்கள் இல்லாத ஊர்களுக்குத் தூரம் 220 மீட்டராகக் குறைந்தது. அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் உரிமங்களுக்கு இந்தத் தடை இல்லை என்று இன்னொரு விளக்கம். சில மாதங்களுக்குள் சட்டம் இத்தனை முறை திரும்பியது. முதல் தீர்ப்பு உங்களிடம் முதல் பக்கத்தில் வந்தது. ஜூலை விளக்கத்தை நான் என் வக்கீலிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்தத் தூரத்தைக் கணக்குக் காட்டக் கேரளத்தில் ஒரு பாருக்குச் சுற்றிச் சுற்றிப் பாதை கட்டிய படத்தை மட்டும் பெரிதாகப் போட்டீர்கள்.

மது விற்பது அடிப்படை உரிமை அல்ல என்று 1994-இல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை உங்கள் தலையங்கங்கள் பலமுறை எடுத்தாண்டிருக்கின்றன. அதே தீர்ப்பில், அரசு இந்தத் தொழிலை அனுமதித்துவிட்டால் தகுதியுள்ளவர்களுக்குள் பாரபட்சம் காட்டக் கூடாது என்றும் இருக்கிறது. அந்தப் பாதியை ஒருமுறையாவது அச்சில் பார்க்க ஆசை. மதுவிலக்கு வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவு அதைத்தான் அரசுக்குச் சொல்கிறது. நாளைக்கே அரசு எல்லோருக்கும் மூடச் சொன்னால் நானும் மூடுவேன். திறந்திருக்கும் வரை, வேண்டியவர் இருக்கிறவருக்கு ஒரு சட்டம், என்னைப் போன்ற விதவைக்கு ஒரு சட்டம் என்று இருக்கக் கூடாது.

பெரிய ஓட்டல் குழுமங்களுக்குச் சட்டப் பிரிவே தனியாக உண்டு. எங்களுக்கு யார்? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று கேட்டுப் போனேன். அங்கிருந்த வக்கீலம்மா அன்பாகப் பேசினார். மதுவிலக்கு விதிகள் தனக்குப் பழக்கமில்லை என்று நேராகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்தத் துறை தெரிந்த வக்கீல்கள் சிலரே. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிவதில்லை. அந்த இடைவெளியில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். உங்கள் கட்டுரையின் ஒரு வரி, புதிதாக ஓட்டல் தொடங்க நினைக்கும் பிள்ளைகளை நேரே அவர்களிடம் அனுப்பிவைக்கும்.

நான் கேட்பது பெரிதல்ல. அந்த வரிக்கு மறுப்பாக இந்தக் கடிதத்தை வெளியிடுங்கள். உங்கள் சட்டக் கேள்வி பதில் பகுதியில் மாதம் ஒருமுறை இந்த உரிமங்கள் பற்றியும் ஒரு வக்கீலை எழுதச் சொல்லுங்கள். முதல் கேள்வியை நானே தருகிறேன்: உரிமதாரர் இறந்துவிட்டால், அந்த வாரத்துக்குள் குடும்பம் யாருக்கு, எதை எழுதிக் கொடுக்க வேண்டும்?

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி